பெவர்லியிடம் கேட்ட கடவுச்சொல்

ஜனீன் கார்பட்டுக்கு நாற்பத்து மூன்று வயதில் வேலை போனது. எரிவாயுக் கம்பெனி ஒன்றின் அழைப்பு மையத்தில் இருபது வருடத்துக்குப் பக்கமாகத் தொலைபேசி எடுத்தவள். கோபத்தில் கொதித்துக்கொண்டு கூப்பிடுகிறவர்களை எல்லாம் அவளிடம்தான் தள்ளிவிடுவார்கள். கத்திக்கொண்டு ஆரம்பித்தவர்கள், முடிக்கும்போது பேத்தி கல்யாணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அப்படியொரு குரல் அவளுக்கு. அவசரமே இல்லாத, லேசாகக் கரகரத்த, பக்கத்தில் உட்கார்ந்து முழங்கையைத் தொட்டுப் பேசுவது போன்ற குரல். கம்பெனி ஒருநாள் அந்த மையத்தையே மூட்டை கட்டி வேறு தேசத்துக்குக் கொண்டுபோனது. வடகிழக்கு இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவில் அப்போது வேலை தேடி அலைந்தவர்களில் நல்ல குரலுக்குப் பஞ்சமில்லை.

அவளைப் பல்கலைக்கழகத்துக்குத் தள்ளிவிட்டது எதிர் வரிசையில் குடியிருந்த பெவர்லி திர்கெல். பெவ் என்றுதான் தெருவே கூப்பிடும். வீட்டுவசதிச் சங்கம் ஒன்றில் வரவேற்பு மேசையில் இருந்தாள். கூரை ஒழுகுகிறது, கொதிகலன் எரியவில்லை என்று வருகிறவர்கள் எல்லோரும் முதலில் பார்ப்பது பெவ்வின் முகத்தைத்தான். ஜனீனின் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தவள் அவள். பெவ்வின் புருஷன் டெர்ரி செத்தபோது, சவப்பெட்டிக்குப் பின்னால் அவளைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போனவள் ஜனீன்.

"பஸ்ஸு பக்கவாட்டுல யுனிவர்சிட்டி விளம்பரம் போட்டிருக்கான், பாத்தியா?" என்றாள் பெவ் ஒருநாள். "சைபர் செக்யூரிட்டி. பழைய மார்க் எதுவும் கேக்க மாட்டாங்களாம். மொத வருஷம் ஃபவுண்டேஷன், அப்புறம் மூணு வருஷம் டிகிரி."

"பதினாறு வயசுல ஸ்கூல விட்டு ஓடி வந்தவடி நான்."

"அதுக்குத்தானே ஃபவுண்டேஷன்! அஸ்திவாரம் இல்லாத வீட்டுக்குத்தான் அஸ்திவாரம் போடுவாங்க."

"எனக்கு கம்ப்யூட்டர்ல என்ன தெரியும், சொல்லு?"

"அத அவங்க சொல்லித் தருவாங்க. இருபது வருஷமா ஊருல உள்ளவன் பூரா உன்கிட்ட அவங்கம்மா பேரு, பொறந்த தேதி, பேங்க் நம்பர்னு எல்லாத்தையும் கொட்டியிருக்கான். ஒண்ணையாவது வெளிய விட்டியா? அதுக்குப் பேருதான் செக்யூரிட்டி. இல்ல, என் சமையல்கட்டுல உக்காந்து என் பிஸ்கெட்டயே காலி பண்ணிட்டிருக்கப் போறியா?"

பல்கலைக்கழகம் கதவைத் திறந்து எல்லோருக்கும் சுற்றிக் காட்டிய நாளில் பெவ்வும் லீவு போட்டுக்கொண்டு கூட வந்தாள். ஜனீன் தயங்கித் தயங்கி நின்ற இடத்திலெல்லாம் அவள் முந்திக்கொண்டு கேள்வி கேட்டாள். அங்கிருந்த ஒரு பையன், படிக்கப்போவது பெவ்தான் என்று நினைத்து அவள் கையில் பையையும் பேனாவையும் கொடுத்துவிட்டான். பெவ் அதைத் திருப்பித் தரவில்லை. "எனக்கும் ஒரு பை கெடச்சிது" என்று வழியெல்லாம் அதை ஆட்டிக்கொண்டே வந்தாள்.

முதல் பருவம் ஜனீனைப் பிழிந்து எடுத்துவிட்டது. வகுப்பில் மற்றவர்கள் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். பரீட்சையில் கோட்டைவிட்டு வந்தவர்கள் பாதி, வேறு படிப்பு பிடிக்காமல் மாறி வந்தவர்கள் மீதி. ஆனால் கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச் சொன்னால் அவர்கள் விரல்கள் பறக்கும். ஜனீன் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடித்து அடித்து முடிப்பதற்குள் அவர்கள் அடுத்த பயிற்சியின் நடுவில் இருப்பார்கள். பூச்சியமும் ஒன்றும் மட்டுமே இருக்கிற கணக்கு அவளுக்குப் பிடிபடவே இல்லை. பக்கத்து நாற்காலியில் ரீஸ் என்ற ஒல்லிப் பையன். கெட்டவன் இல்லை, வாய்தான் சும்மா இருக்காது.

"ஜனீன், என்டர் தட்டுனா போதும். கெஞ்ச வேணாம்."

"நான் கெஞ்சல. சாபம் விட்டுட்டிருக்கேன்."

"எங்கம்மாவும் இப்டித்தான் பிரிண்டர்கிட்ட பேசுவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அந்தச் சிரிப்பு நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டே வந்தது. கிறிஸ்துமசுக்கு முன்னால் நடந்த கணக்குத் தேர்வில் தோற்றுப்போய், படிப்பை விட்டுவிடுகிறேன் என்று பெவ் வீட்டில் வந்து உட்கார்ந்தாள். பெவ் அவளைத் தேற்றவில்லை. அடுப்பிலிருந்த பார்மோவை, அந்த ஊர்ப் பொரித்த கோழிக்கறியை, இரண்டாக வெட்டித் தட்டில் போட்டு, வழிகிற பாலாடைக்கட்டியோடு அவள் முன்னால் தள்ளினாள்.

"தின்னு. தின்னுட்டு அழு. அழுதுட்டு மறுபடி எழுதற வழியப் பாரு. அடுத்த வருஷம் ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் என் கூட்டாளி யுனிவர்சிட்டியில படிக்கறான்னு சொல்லணும்னு நெனச்சிட்டிருக்கேன். அத கெடுத்து வைக்காத."

மறுதேர்வு எழுதித் தட்டுத்தடுமாறித் தேறினாள்.

வசந்தத்தில் வேறொரு பாடம் வந்தது. ஆண்ட்ரியா பிக்கரிங் என்ற விரிவுரையாளர் எடுத்தார். கணினிக்கு எத்தனை பூட்டுப் போட்டாலும், அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் நயமாகப் பேசிச் சாவியை வாங்கிவிடுகிறவர்களைப் பற்றிய பாடம் அது. ஒருவர் திருடன், ஒருவர் அலுவலர் என்று இரண்டிரண்டு பேராக நடித்துக் காட்டச் சொன்னார் ஆண்ட்ரியா. வந்து நின்ற பிள்ளைகள் எடுத்த எடுப்பில் "உங்க பாஸ்வேர்ட் என்ன?" என்று கேட்டு அசடு வழிந்தார்கள்.

ஜனீன் முறை வந்தது. எதிரில் ரீஸ். "நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்று கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தான். அவள் அவனிடம் எதையும் கேட்கவில்லை. முதுகு வலி எப்படி இருக்கிறது என்றாள். உங்கள் மேலாளர் கொஞ்சம் கறார்தான் இல்லையா என்றாள். தனக்கு இன்று யாருமே உதவி செய்யவில்லை என்றாள். கொஞ்ச நேரத்தில் அவன் தன் நிஜமான கடவுச்சொல்லையே உளறிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். வகுப்பு மேசையைத் தட்டியது.

"அடேங்கப்பா! ஜனீன், நீங்க பயங்கரமான ஆளு" என்றான் ரீஸ். இந்தமுறை அதில் கேலி இல்லை.

அந்த ஒரு வார்த்தைக்கு அவள் எவ்வளவு ஏங்கிப்போயிருந்தாள் என்பது அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அதன்பின் அந்தப் பாடத்தில் அவள்தான் ராணி. பிள்ளைகள் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, இப்படிக் கூப்பிட்டால் என்ன சொல்வீர்கள், அப்படிக் கேட்டால் எப்படி மடக்குவீர்கள் என்று கேட்டார்கள்.

நிஜ மனிதர்களிடம் இதைச் செய்து பார்ப்பதாக இருந்தால் அவர்களிடமும் அவர்கள் அலுவலகத்திடமும் எழுத்தில் அனுமதி வாங்கவேண்டும், அனுமதி இல்லாமல் செய்தால் அது படிப்பில்லை, குற்றம் என்று ஆண்ட்ரியா முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார். ஜனீன் அதைக் குறித்துக்கொண்டாள். அடிக்கோடும் போட்டாள். ஆனாலும் ஒரு மதிய வேளையில் தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து பெவ்வின் அலுவலகத்துக்கு அழைத்தாள். இது பெவ்தானே, விளையாட்டுத்தானே என்றுதான் நினைத்தாள். எங்கே நன்றாகப் பேசினோம், எங்கே சொதப்பினோம் என்று பிறகு கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று, பேசுவதை இன்னொரு செல்பேசியில் பதிவும் செய்தாள்.

"வணக்கம், வரவேற்பு, பெவர்லி பேசறேன்."

ஜனீன் லண்டன்காரியைப் போல இழுத்தாள். "ஹெட் ஆபீஸ் கம்ப்யூட்டர் பிரிவுலேருந்து ஸ்டெல்லா பேசறேங்க. உங்க கம்ப்யூட்டர் காலைலேருந்து மெதுவா இருக்கா?"

"காலைலேருந்தா? நான் வேலைக்குச் சேந்த நாள்லேருந்தேங்க."

"இன்னிக்கு எல்லாரோட கணக்கையும் புது எடத்துக்கு மாத்தறோம். உங்களுது மட்டும் அடம்பிடிக்குது. நான் சாப்பிடக்கூடப் போகல, இதே வேலையா உக்காந்திருக்கேன்."

"ஐயோ பாவமே. ஒரு சாண்ட்விச்சாவது வாங்கிச் சாப்பிடக்கூடாதா?"

"எங்கங்க? உங்க பாஸ்வேர்ட் இருந்தா இங்கேருந்தே முடிச்சிடுவேன்."

"அத யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு டிரெய்னிங்ல சொன்னாங்களே."

"ரொம்ப சரி. சொல்லவே கூடாது. நானும் எல்லார்கிட்டயும் அதத்தான் சொல்றேன். நீங்க சொல்ல வேணாம். உங்க கணக்கை மூடிடறேன். நாளைக்கு நீங்க நேர்ல டார்லிங்டன் ஹெட் ஆபீஸுக்கு வந்து அடையாள அட்டையக் காட்டித் திறந்துக்குங்க. அதுவரைக்கும் வேற யாராவது உங்க மேசையப் பாத்துக்குவாங்களா?"

"இங்க நான் ஒருத்திதாங்க." மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "சரி, சொல்றேன். சிரிக்கக்கூடாது. டெர்ரியோட புட்டிங். எல்லாம் ஒண்ணா சேத்து, சின்ன எழுத்துல." கொஞ்சம் நிறுத்தி, "என் வீட்டுக்காரர் என்னைய அப்டித்தான் கூப்பிடுவாரு. இப்ப இல்ல அவரு" என்றாள்.

ஸ்டெல்லா ஒரு நொடி தடுமாறினாள். "நல்ல மனுசனா இருந்திருப்பாரு" என்றாள். டெர்ரியைச் சவப்பெட்டியில் பார்த்தவள் அப்படிச் சொன்னாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் கிளப்பில் பிங்கோ என்ற எண் விளையாட்டு ஆடப் போவது இருவருக்கும் வழக்கம். அங்கே ஜனீன், எண்களைக் கூப்பிடத் தொடங்குமுன், அதே லண்டன் இழுப்பில் "ஒரு சாண்ட்விச்சாவது வாங்கிச் சாப்பிடக்கூடாதா?" என்றாள். பெவ்வின் வாய் திறந்தபடியே நின்றது. பிறகு பியர் கோப்பைக்கு அடியில் வைக்கிற அட்டையைத் தூக்கி அவள் நெற்றியில் அடித்தாள்.

"படுபாவி! அது நீயா? நான் அந்தப் பொம்பளைய நெனச்சு ராத்திரிகூட பரிதாபப்பட்டேன்டி!"

கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பு ஓய்ந்த பிறகு கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "காலைல மொத வேலையா பாஸ்வேர்ட மாத்திடறேன். இந்த மாதிரி ஏமாந்தா மேலிடத்துல சொல்லணும்னு ரூலு. சொன்னா யாரு கூப்பிட்டதுன்னு குடைவாங்க. உன் படிப்புக்கு வம்பு. நான் சொல்லப் போறதில்ல."

"தேங்க்ஸ்டி."

"டெர்ரி கூப்பிடற பேரை மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாத, என்ன? வெக்கமா இருக்கு."

"சொல்ல மாட்டேன்" என்றாள் ஜனீன். பதிவு செய்ததைப் பற்றிப் பேச்சு எடுக்கவில்லை. மறைக்கவேண்டும் என்று நினைத்து மறைக்கவில்லை. அந்த நேரத்தில் அது அவள் ஞாபகத்தில்கூட இல்லை. பிற்பாடு எத்தனையோ முறை அந்த மேசைக்கே திரும்பிப் போய், அந்த இடத்திலாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஃபவுண்டேஷன் வருடத்தின் கடைசியில் ஒவ்வொருவரும் எல்லோர் முன்னாலும் நின்று ஒரு விளக்கவுரை கொடுக்கவேண்டும். ஊரிலுள்ள கம்பெனிகளிலிருந்தும் சிலரைக் கூப்பிட்டிருந்தார்கள். ஜனீன் தொலைபேசி மோசடியைப் பற்றி எழுதித் தயார் செய்து, முந்தின வாரம் ரீஸிடம் படித்துக் காட்டினாள். அவன் பாதியிலேயே கொட்டாவி விட்டான்.

"நீங்க பேசினா தேன் மாதிரி இருக்கும். இது வாஷிங் மெஷின் கையேடு மாதிரி இருக்கு."

அவளுக்குச் சுருக்கென்றது. செல்பேசியை எடுத்து அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினாள். ரீஸ் நாற்காலியிலிருந்து விழாத குறை. "இதப் போடுங்க ஜனீன்! இத வச்சிக்கிட்டு எதுக்குப் பக்கம் பக்கமா எழுதறீங்க?"

வீட்டில் உட்கார்ந்து பதிவை வெட்டினாள். பெவர்லி என்ற பெயர் வருகிற இடத்தை எடுத்தாள். டார்லிங்டனை எடுத்தாள். கடவுச்சொல் வருகிற இடத்தையும் எடுத்தாள். எடுத்துவிட்டுக் கேட்டால் சப்பென்று இருந்தது. மறுபடி கேட்டாள். பிறகு அந்த இடத்தை மட்டும் திரும்ப ஒட்டினாள். பெயர் இல்லாத ஒருத்தியின் கடவுச்சொல், அதுவும் என்றோ மாற்றிவிட்டது, யாருக்கு என்ன தெரியப்போகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அரங்கத்துக்குள் போகிற வாசலில் ஆண்ட்ரியா கேட்டார்: "ஜனீன், அந்த ஆடியோல பேசறவங்க சம்மதம் கொடுத்திருக்காங்கதானே?"

"அவளுக்குத் தெரியும்" என்றாள் ஜனீன்.

ஆண்ட்ரியா தலையசைத்தார். அவருக்குப் பின்னால் இன்னும் ஆறேழு பேர் வரிசையில் நின்றிருந்தார்கள்.

சாண்ட்விச் வந்த இடத்தில் அரங்கம் சிரித்தது. "டெர்ரியோட புட்டிங்" வந்தபோது வெடித்துச் சிரித்தது. "இப்ப இல்ல அவரு" என்று அடுத்து வந்த வார்த்தைகள் அந்தச் சிரிப்பில் மூழ்கிப்போயின. ஜனீனுக்கு மட்டும் அவை கேட்டன. ஆனால் கைத்தட்டல் வந்ததும் அவற்றை மறந்துபோனாள். வாழ்நாளில் யாரும் அவளுக்காக அப்படிக் கை தட்டியதில்லை.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஃபிலிப் ஹார்க்கர் என்பவர் சிரிக்கவில்லை. வீட்டுவசதிச் சங்கத்தின் கணினிகளைக் கவனித்துக்கொள்ளும் ஒப்பந்தம் அவர் கையில் இருந்தது. வாரம் தவறாமல் அந்த வரவேற்பு மேசைக்குப் போன் போடுகிறவர். பெயரை வெட்டி எடுத்தவளுக்குக் குரலை வெட்ட முடியாது என்பது தோன்றவில்லை. ஹார்க்கரைக் குற்றம் சொல்லவும் முடியாது. அந்தக் கணினிகளில் வாடகைக் கணக்கு மட்டுமா இருந்தது? அடிக்கிற புருஷனுக்குப் பயந்து ஓடி வந்து, எங்கே இருக்கிறோம் என்று யாருக்கும் தெரியாமல் குடியிருக்கிற பெண்களின் முகவரிகளும் இருந்தன.

அடுத்த வாரம் ஒரு நடுப்பகலில் பெவ் வந்து கதவைத் தட்டினாள். வேலைக்குப் போடுகிற கறுப்புச் செருப்பு, கழுத்தில் அடையாள அட்டை தொங்காத வெறும் நாடா. உள்ளே வா என்றதற்கு வரவில்லை.

"ரெக்கார்ட் பண்ணுனியா?"

"பெவ்…"

"பண்ணுனியா, இல்லையா?"

"பண்ணுனேன். சும்மா பழகறதுக்குத்தான்…"

"ஒரு ரூம்ல உக்கார வச்சு எனக்கே போட்டுக் காட்டுனாங்க. நீ மேடையில பேசுனத யுனிவர்சிட்டியில வீடியோ எடுத்திருக்காங்க, அத வாங்கியிருக்காங்க. மேனேஜரு, இன்னொரு பொம்பள, அந்த ஹார்க்கரு. மூணு பேரும் என் மூஞ்சியவே பாத்துட்டிருந்தாங்க. ஜனங்க சிரிக்கறதும் அதுல கேக்குதுடி."

ஜனீன் அவள் கையைப் பிடிக்கப் போனாள்.

"ஏமாந்து சொன்னதுக்கு வேலை போகலயாம். அதுக்கு ஒரு எச்சரிக்கையோட விட்டிருப்பாங்களாம். தெரிஞ்ச பின்னாடியும் ஏன் வந்து சொல்லலன்னு கேட்டாங்க. என்ன சொல்லட்டும்? என் கூட்டாளி படிப்பு கெட்டுடும்னு சொல்லலன்னு சொல்லட்டுமா?"

"நான் வந்து சொல்றேன். இப்பவே வர்றேன், பெவ். தப்பு பூரா என்னுதுன்னு சொல்றேன்."

"சொல்லு. என்னை வேலைய விட்டு அனுப்பியாச்சு." பெவ் திரும்பினாள். படி இறங்கியவள் நின்றாள். "பேரைச் சொல்லாதன்னு கேட்டேன். அது ஒண்ணுதான் கேட்டேன்."

ஜனீன் அன்றைக்கே சங்கத்துக்குப் போனாள். வரவேற்பு மேசையில் யாரோ ஒரு தற்காலிகப் பெண் உட்கார்ந்திருந்தாள். மேலாளர் மரியாதையாக உட்காரவைத்துக் கேட்டார், முடிவு எடுத்தாகிவிட்டது என்றார். வாசல் வரை கொண்டுவந்து விட்டார். பல்கலைக்கழகத்திலும் விசாரணை நடந்தது. ஜனீன் எதையும் மறைக்கவில்லை. வாசலில் ஆண்ட்ரியாவிடம் சொன்னது முழுப் பொய்யில்லாத பொய் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். ஆண்ட்ரியா அவளைத் திட்டவில்லை. தானும் இன்னொரு கேள்வி கேட்டிருக்கவேண்டும் என்று அந்த அறையிலேயே சொன்னார். அது ஜனீனுக்குத் திட்டைவிட வலித்தது. பதிவை அழிக்கச் சொன்னார்கள், அழித்தாள். விளக்கவுரைக்குக் கிடைத்த மதிப்பெண்ணை ரத்து செய்து வேறொன்று எழுதச் சொன்னார்கள், எழுதினாள். எச்சரிக்கையோடு மேலே போக விட்டார்கள்.

படிப்பை விட்டுவிடலாமா என்று அந்தக் கோடை முழுவதும் யோசித்தாள். விட்டால் பெவ்வுக்கு வேலை திரும்ப வந்துவிடுமா? வராது. தொடர்ந்தால் பெவ் முகத்தில் விழிக்க முடியுமா? முடியாது. கடைசியில் செப்டம்பரில் பஸ் ஏறிவிட்டாள். அது சரிதானா என்று இன்றைக்குக் கேட்டாலும் அவளிடம் பதில் கிடையாது.

வீட்டு வாடகையும் ஒரு காரணம், தெருவின் கண்களும் ஒரு காரணம், பெவ் அந்த வருடமே கடலோர ஊரான ரெட்காரில் அக்காள் வீட்டுக்குக் குடிபோய்விட்டாள். கடற்கரைச் சாலையில் மீனும் உருளை வறுவலும் விற்கிற கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள் என்று கிளப்பில் சொன்னார்கள். சொன்னவர்கள் ஜனீன் பக்கத்து நாற்காலியில் உட்காரவில்லை. வியாழக்கிழமைகளில் அங்கே போவதை அவளும் நிறுத்திக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை ரயிலேறி ரெட்காருக்குப் போனாள். வடக்கே கடலிலிருந்து காற்று ஆளைத் தள்ளியது. கடையில் கூட்டம். வரிசையில் நின்று முன்னேற முன்னேற, என்ன சொல்லவேண்டும் என்று கோத்து வைத்ததெல்லாம் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டே வந்தது. முன்னால் போய் நின்றபோது, வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு, எண்ணெய் வெக்கையில் முகம் சிவந்த பெவ் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொண்டாள். முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"என்ன வேணும் கண்ணு?"

வருகிறவர்கள் எல்லோரையும் கூப்பிடுகிற அதே கண்ணு. ஜனீனை அவள் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"பெவ், ஒரு நிமிஷம்…"

"மீனா, வெறும் வறுவலா?"

"மீன். பெவ், நான் உன்கிட்ட…"

"உப்பு, வினிகர் போடவா?"

"போடு."

பெவ் தாளில் சுற்றி நீட்டினாள். "பின்னாடி ஆள் நிக்கறாங்க, கண்ணு."

கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தாள். வாயில் வைக்க முடியவில்லை. கடற்காக்கைகள் சுற்றி வந்தன. ஒன்று துணிந்து மீனைக் கொத்திக்கொண்டு போனபோதும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதன்பிறகு அந்தக் கடைக்கு அவள் போகவில்லை. பெவ் பேச விரும்பவில்லை என்பதைப் பெவ்வே தெளிவாகச் சொல்லிவிட்ட பிறகு, திரும்பத் திரும்பப் போய் நிற்பது தன் மனச்சுமையை அவள் தலையில் இறக்குவதுதான் என்று அவளுக்குப் பட்டது. வருடத்துக்கு ஒருமுறை, டெர்ரியின் நினைவு நாளில் மட்டும் ஓர் அட்டை அனுப்பினாள். அதில் தன்னைப் பற்றி ஒரு வரியும் எழுதமாட்டாள். பதில் வந்ததில்லை.

பட்டம் வாங்கினாள். லீட்சிலிருந்து மகள் வந்து படமெடுத்தாள். அங்கியில் நின்ற ரீஸ் அவளைத் தூக்கிச் சுற்றிவிட்டுத் தன் அம்மாவிடம் கூட்டிப்போய்க் காட்டினான். அன்றைக்கு அவள் சந்தோஷமாகவே இருந்தாள். வீட்டுக்கு வந்து அங்கியைக் கழற்றும்போதுதான், இதை ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டவளின் ஞாபகம் வந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது ஜனீன் அலுவலகம் அலுவலகமாகப் போய்ப் பயிற்சி கொடுக்கிறாள். வரவேற்பில் இருக்கிறவர்கள், போன் எடுக்கிறவர்கள், அவர்களுக்குத்தான். பயிற்சிக்கு ஒப்புக்கொள்ளுமுன் மேலாளர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்வாள்: ஏமாந்துவிட்டேன் என்று தானாக வந்து சொல்கிறவர்களுக்கு வேலை போகாது என்று எல்லோர் முன்னாலும் சொல்வீர்களா? சொல்ல மாட்டோம் என்ற இரண்டு இடங்களை வேண்டாம் என்று விட்டிருக்கிறாள். பயிற்சியில் உதாரணம் சொல்லும்போது எல்லாம் கற்பனையாகவே சொல்வாள். அதனால் சில சமயம் அவளுடைய பேச்சு கொஞ்சம் சப்பென்று இருக்கும்.

போன இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்பேசி அடித்தது. தெரியாத எண்.

"ஜனீன் கார்பட்டா?"

ஒரு சொல்லிலேயே தெரிந்துவிட்டது. "ஆமா பெவ். நான்தான்."

"நீதான்னு நான் எப்டி நம்பறது?"

கிண்டலா, குத்தலா என்று குரலில் தெரியவில்லை. ஜனீன் செல்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சரி, விடு" என்றாள் பெவ். "அக்கா கம்ப்யூட்டர் தெரை பூரா செவப்பாயிடுச்சு. வைரஸாம். இந்த நம்பருக்கு ஒடனே கூப்பிடுன்னு கத்துது. அக்கா போன கையில எடுத்துட்டா. நான் புடுங்கி வச்சிருக்கேன்."

"ரொம்ப நல்லது பண்ணுன. கூப்பிடவே கூப்பிடாதீங்க. அது பொய்யி. கம்ப்யூட்டர்ல பவர் பொத்தான் இருக்குல்ல? அத அழுத்தி அணையற வரைக்கும் விடாத."

"அழுத்தறேன்… அணைஞ்சிடுச்சு."

"இப்ப திரும்பப் போடு. பழைய பக்கத்த திறக்கவான்னு கேட்டா, வேணாம்னு சொல்லு."

பின்னால் ஒரு கிழட்டு நாய் குரைத்தது. யாரோ அதை அதட்டினார்கள்.

"வந்துடுச்சு. அக்கா பேரப்புள்ளைங்க போட்டோ எல்லாம் இருக்கு."

"நம்பர் எதையும் சொல்லலல்ல? பேங்க் விவரம், பாஸ்…" அந்த வார்த்தையை அவளால் முடிக்க முடியவில்லை.

"எதுவும் சொல்லல" என்றாள் பெவ். "நான் இப்பல்லாம் யார்கிட்டயும் எதுவும் சொல்றதில்ல."

"பெவ், நான்…"

"அடுப்புல வேலை இருக்கு. தேங்க்ஸ்."

தொடர்பு அறுந்தது. ஜனீன் அந்த எண்ணைப் பெயர் போட்டுச் சேமித்தாள். திரும்ப அழைக்க விரலைக் கொண்டுபோய் எடுத்துக்கொண்டாள். கையில் செல்பேசியோடு வெகுநேரம் ஜன்னலருகே நின்றாள். எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்காமல் விட்டது அப்போதுதான் உறைத்தது.